வாத்து இல்லாத படம்

என் வீட்டுக்காரர் சேர்த்து வைத்திருக்கும் சினிமாப் படங்களில் ஒன்றுகூட முழுப் படம் கிடையாது. எல்லாம் சுருக்கிய படங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற பழைய சிரிப்புப் படங்களைக் கால் மணி நேரமாக வெட்டி, சுண்டுவிரல் நகத்தைவிட ஒடுக்கமான பிலிமில் பிரதியெடுத்து, சாஸர் அளவுச் சக்கரத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டு, வீட்டில் புரொஜெக்டர் வைத்திருந்தவர்களுக்காக வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்றிருக்கின்றன. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, கலரும் கிடையாது. வீடியோ வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. படுத்த வியாபாரத்தின் சரக்கு உலகமெல்லாம் சுற்றி, ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டோரம் இருக்கும் எங்கள் வீட்டு பீரோவுக்கு வந்து சேர்கிறது.

அவர் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எஸ்டேட் பங்களா ஒரு தடவை கைமாறியபோது, ஸ்டோர் ரூமில் கிடந்த சாமான்களையெல்லாம் கொளுத்தச் சொல்லிவிட்டார்கள். அதற்குள் மரப்பெட்டியோடு ஒரு புரொஜெக்டரும் கொஞ்சம் பிலிம் சுருளும் இருந்தன. கேட்டு வாங்கி, எஸ்டேட் ஜீப்பில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் தெளியவில்லை. இப்போது இதே கிறுக்குப் பிடித்தவர்கள் போனிலேயே ஒரு கூட்டமாக இருக்கிறார்கள். எந்த நாட்டில் எவர் வீட்டுப் பரணில் ஒரு சுருள் அகப்பட்டாலும் உடனே இவருக்குப் போட்டோ வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்ப்பார்.

ஏற்காட்டு ஈரத்துக்குப் பிலிம் என்றால் கொண்டாட்டம். மழை பிடித்தால் சுவரே பூஞ்சை கட்டுகிற ஊரில் இதை எப்படிக் காப்பாற்றுவது? பீரோவுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பைப் போட்டு, இரவும் பகலும் எரியவிட்டு, அந்தச் சூட்டில் சுருள்களை வைத்திருக்கிறார். என்னுடைய கல்யாணப் பட்டு அடுத்த பீரோவில் இருட்டில் கிடந்து புள்ளி விழுந்துபோனது. அதற்கு ஒரு பல்பு போடத் தோன்றவில்லை. கேட்டால், "சேலைய நெசவு பண்றவங்க இன்னும் இருக்காங்க அம்மிணி, இதைப் பண்றவன் யாரு இருக்கான்?" என்பார். நல்ல பதில்தான், ஆனாலும் எனக்குக் கோபம் கோபம்தான்.

நான் டெய்லர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இந்தப் படங்களை ஆரம்பத்தில் நான் மதிக்கவே இல்லை. முழுசாக ஒன்றைத் தராமல் துண்டும் துக்காணியுமாக விற்றிருக்கிறானே, இது என்ன நாணயம் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிலிம் அறுந்தது. ஒட்டுவதற்கென்று ஒரு சின்ன அச்சு உண்டு. இரண்டு முனையையும் அதில் பல்லுக்குப் பல் பொருத்தி, மேலே மெல்லிய டேப்பை ஒட்டி அழுத்த வேண்டும். அவர் விரல்கள் கட்டை விரல்கள். மூன்று தடவை கோணலாக ஒட்டிவிட்டு எரிச்சல்பட்டார். "இப்படிக் குடுங்க" என்று வாங்கி நான் ஒட்டினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிலிம் ஒட்டுகிற வேலை என்னுடையது.

கையில் வேலை வந்த பிறகுதான் கண் திறந்தது. ஒட்டுகிற சாக்கில் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கே வெட்டியிருக்கிறான், எதை விட்டிருக்கிறான் என்று தேடினேன். சில படங்களில் வெட்டு பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அதையெல்லாம் செய்தவன் கத்தரியைப் பிடிக்கத் தெரியாதவன். ஆனால் ஒரு படம் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கேக் படம் என்று பெயர். அதை வெட்டியவன் யாரோ, எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. பெட்டியின் மேல் அந்த ஆளின் பெயர் கிடையாது. நான் கும்பிட்டது அந்த ஆளைத்தான்.

கதை இவ்வளவுதான். ஒல்லியான ஒரு ஆள், கல்யாண வீட்டுக்கு ஒரு பெரிய கேக்கைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறான். தெருவில் ஒரு வாத்து அவனைப் பிடித்துக்கொள்கிறது. எங்கே போனாலும் பின்னாலேயே வருகிறது. அவன் ஓடுகிறான், அதுவும் ஓடுகிறது. போலீஸ்காரன் மேல் மோதுகிறான், டிராம் வண்டியில் தொங்குகிறான், மழையில் நனைகிறான், ஆனால் கேக்குக்கு ஒரு கீறல் விழவில்லை. கடைசியில் கல்யாண வீட்டு மேசை மேல் வைத்துவிட்டு நெற்றியைத் துடைக்கிறான். மணப்பெண்ணின் அப்பா சந்தோஷத்தில் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுகிறார். முகம் கேக்குக்குள் போகிறது. வாத்து மேசை மேல் ஏறி நிற்கிறது. முடிந்தது.

பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஒரு லீவுக்கு வந்தபோது அதன் முழுப் படத்தைப் போனில் தேடியெடுத்துக் காட்டினாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முழுப் படத்தில் அந்த ஒல்லி ஆள், கல்யாணப் பெண்ணைக் காதலித்தவன். தான் விரும்பிய பெண்ணுக்கு வேறு ஒருவனோடு நடக்கிற கல்யாணத்துக்குத்தான் கேக் கொண்டு போகிறான். அதற்கு முன்னால் பேக்கரியில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறான், கடிதம் எழுதுகிறான், கிழிக்கிறான். பாதிப் படம் அழுகைதான். படத்தை வெட்டிய நம்ம ஆள் அந்தக் காதல் மொத்தத்தையும் கத்தரித்துத் தூரப் போட்டுவிட்டு, கேக்கையும் வாத்தையும் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை வருஷமாகப் பார்த்த நாங்கள் யாரும் காதல் எங்கே என்று தேடவில்லை.

வெட்டிய இடம் தெரியாமல் செய்வதில் அவன் எமகாதகன். டிராமில் ஏறும்போது அந்த ஆள் தலையில் தொப்பி இருக்கும். இறங்கும்போது இருக்காது. தொப்பி பறந்துபோகிற காட்சி முழுப் படத்தில் உண்டு, சுருக்கத்தில் இல்லை. ஆனால் வெட்டு விழுகிற அந்த நேரத்தில் ஒரு வண்டிக் கதவு படாரென்று சாத்தப்படுகிறது. நம் கண் கதவுக்குப் போய்விடுகிறது. தொப்பியை யார் பார்க்கிறார்கள்? துணி பற்றாமல் இரண்டு துண்டைச் சேர்த்து ஜாக்கெட் கை தைக்கும்போது, ஒட்டின் மேல் நான் லேஸ் வைத்து மறைப்பேன். அதே வேலை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் சொன்னா நீ கேட்டியா?" என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்புறம் ஞாயிறு சாயங்காலம் என்றால் எங்கள் ஹாலில் படம். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவார். எஸ்டேட்டில் ஜீப் ஓட்டிய டிரைவர் அண்ணன் தவறாமல் வருவார். அவர் என் வீட்டுக்காரருக்குச் சிநேகிதர், வாயைத் திறந்தால் ஊர் சிரிக்கும். ஆனால் கேக் படத்துக்கு என் வீட்டுக்காரர் சிரிக்கிற சிரிப்பு அவருக்கே வராது. வாத்து முதல் தடவை சந்துக்குள்ளிருந்து தலையை நீட்டும்போது ஆரம்பிப்பார். தோள் குலுங்கும், சத்தம் வராது, கண்ணில் தண்ணீர் வரும், கடைசியில் ஒரு கேவல் மாதிரி சத்தம் வெளியே வந்து விழும். எத்தனை தடவை பார்த்த படம்! அடுத்த கட்டத்தில் என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனாலும் அப்படிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் உட்கார்ந்தேன் என்று சொன்னால் அதில் பொய் இல்லை.

போன வருஷம் மழை தொடங்குவதற்கு முன்னால் அவருக்கு மேடு ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, பைபாஸ் செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டரம்மா ஒரு சின்னத் தலையணையை அவர் கையில் கொடுத்தார். "நெஞ்செலும்பு சேர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் இருமல் வந்தாலும், தும்மல் வந்தாலும், சிரிப்பு வந்தாலும் இதை நெஞ்சோட சேத்துக் கட்டிப் பிடிச்சுக்கங்க" என்றார்.

நான் கேட்டேன். "ஏனுங்க டாக்டரம்மா, எலும்பை எதுலங்க தச்சிருக்கீங்க?"

"கம்பியிலதாம்மா."

தையல் எனக்குத் தெரியும். எவ்வளவு கெட்டி நூலாக இருந்தாலும், தைத்த இடத்தைத் தொடர்ந்து இழுத்தால் ஊசி போன ஓட்டையில்தான் முதலில் விடும். கம்பி அறாது, துணிதான் கிழியும். இங்கே துணி என்பது என் வீட்டுக்காரருடைய எலும்பு. இருமலுக்கும் தும்மலுக்கும் மருந்து உண்டு. மீதி இருப்பது சிரிப்பு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மா தலையணையைக் கொடுத்ததே இந்த மனுஷன் பயப்படாமல் இருமட்டும், சிரிக்கட்டும் என்றுதான். அது எனக்கு விளங்குவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, கூடவே ஒரு வாத்தும் தேவைப்பட்டது.

காரில் மலை ஏறும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அவர் தலையணையைப் பிடித்தார், நான் அவரைப் பிடித்தேன். சனிக்கிழமையாகப் போய்விட்டது. டூரிஸ்ட் வண்டிகள் வால் பிடித்து நின்றன. முன்னால் போன வேனிலிருந்து பையன்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பார்த்து இவர் லேசாகச் சிரித்தார். "சிரிக்காதீங்க" என்றேன். அதுதான் முதல் உத்தரவு.

வீட்டுக்கு வந்ததும் புரொஜெக்டரைப் பெட்டியில் போட்டு மூடினேன். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். டிவியில் அழுகை சீரியல் மட்டும் பார்க்கலாம். நகைச்சுவை வந்தால் சேனல் மாறும். மகள் போனில் பேசும்போதுகூட, "அப்பாவச் சிரிக்க வெக்காத கண்ணு" என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கம் சிரித்தாள்.

பார்க்க வந்த டிரைவர் அண்ணனை வாசலிலேயே மறித்தேன். "ஏனுங்கண்ணா, உள்ள போய்ப் பேசாமப் பாத்துட்டு வந்துருங்க. சிரிப்பு மூட்டற மாதிரி ஒரு வார்த்தை வந்துறக் கூடாதுங்க. தையலு இன்னும் பச்சையா இருக்குது."

"சரிங்க தங்கச்சி" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏப்பா, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். டிரைவர் அண்ணனுடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே ஓடியவர், கேட்டைத் தாண்டிப் போய்ச் சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்புறம் அவர் வரவில்லை. வந்தால் அடக்க முடியாது என்று போனில் சொல்லிவிட்டார்.

சிரிப்பு நின்றுபோனது. என் உத்தரவு அப்படி வேலை செய்தது. ஆனால் அதோடு வேறு பலதும் நின்றன. பேச்சு குறைந்தது. இரண்டு இட்லி ஒன்றானது, ஒன்று பாதியானது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மரத்தில் ஏறிய மிளகுக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் சாமான் கொடுத்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்துகள் மேலே ஏற வேண்டும். ஆஸ்பத்திரியில் இரண்டு பந்து ஏற்றியவர், வீட்டில் ஒன்றைக்கூட ஒழுங்காக ஏற்றவில்லை. "போதும் அம்மிணி" என்று கீழே வைத்துவிடுவார்.

பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸம்மா, "ஆழமா மூச்சு எடுக்கணும்மா, இல்லேன்னா நெஞ்சுல சளி கட்டிக்கும், அப்புறம் காய்ச்சல் கீய்ச்சல்னு வந்தா சிரமம். நடக்கச் சொல்லுங்க. மனச விட்டுட்டா ஆபரேஷன் பண்ணியும் பிரயோசனமில்ல" என்றாள். நல்ல பெண், பொறுமையாகச் சொன்னாள். எனக்குத்தான் இரண்டு பக்கமும் இடித்தது. சிரித்தால் தையல் விட்டுவிடும். சிரிக்காவிட்டால் ஆளே விட்டுப்போய்விடுவார். ராத்திரி அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். எனக்கு அவர் வேண்டும். தைத்த நெஞ்சு மட்டும் பத்திரமாக இருந்து நான் என்ன செய்ய?

ஒரு நாள் மத்தியானம் அவரே கேட்டார். "அம்மிணி, கேக் படத்தை ஒருக்கா போடேன்."

"எலும்பு சேரட்டுமுங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். சண்டை போடவில்லை. இரண்டாம் தடவை கேட்கவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றைக்கு மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. படத்தைப் போட வேண்டும், அவர் சிரிக்கவும் கூடாது. அப்படியென்றால் படத்திலிருந்து சிரிப்பை எடுத்துவிட்டால் என்ன? ஒரு மணி நேரத்தைக் கால் மணியாக ஒருத்தன் வெட்டியிருக்கிறான். கால் மணியிலிருந்து கொஞ்சம் சிரிப்பை எடுக்க எனக்குத் தெரியாதா? கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கோடு பார்த்து வெட்டினால் பின்னால் அப்படியே திரும்ப ஒட்டிவிடலாம், ஒன்றும் வீணாகாது. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேல் அப்படி ஒரு மரியாதை வந்தது.

அவர் மத்தியானம் தூங்குகிற நேரத்தில் வேலையை வைத்துக்கொண்டேன். கையால் சுற்றிப் பார்க்கிற சின்ன வியூவர் ஒன்று உண்டு, சத்தம் வராது. அதில் பிலிமை ஓட்டி, வெட்ட வேண்டிய இடங்களில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். முதலில் கடைசிக் காட்சியை எடுத்தேன். முகம் கேக்கில் விழுகிறதுதானே பெரிய சிரிப்பு? இரண்டு முழம் பிலிம் போனது. ஓட்டிப் பார்த்தேன். இப்போது அந்த ஆள் கேக்கை மேசையில் வைத்துவிட்டு, உலகத்தையே ஜெயித்தவன் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். அவ்வளவுதான் படம். அந்த மூஞ்சியைப் பார்த்தால் கேக்கில் விழுந்ததைவிட அதிகமாகச் சிரிப்பு வருகிறது. சரி என்று அதையும் எடுத்தேன்.

அடுத்தது வாத்து. வாத்து வருகிற இடமெல்லாம் கத்தரித்தேன். ஓட்டினேன். ஒரு ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னால் யாருமே இல்லாத தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓடுகிறான். மெஷின் மேசையில் தலையை வைத்து நானே சிரித்துவிட்டேன். உள்ளே கட்டில் அசைகிற சத்தம் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஓட்டத்தையும் எடுத்தேன். இப்போது அவன் கடை வாசலில் பெட்டியைக் கையில் வாங்குகிறான், அடுத்த கட்டத்தில் போலீஸ்காரன் மேல் முட்டி நிற்கிறான், எதற்கென்றே தெரியவில்லை. அதுவும் சிரிப்பு. போலீஸ்காரனை எடுத்தால் டிராமில் இளித்துக்கொண்டு தொங்குகிறான். ஒரு இடத்தில் பிடித்து இழுத்தால் இன்னொரு இடத்தில் புடைக்கிறது.

இரண்டு மூன்று மத்தியானம் இப்படிப் போராடினேன். கத்தரி பிடித்து வாழ்ந்தவள் நான், என்னை அந்த முகம் தெரியாத ஆள் மண்ணைக் கவ்வ வைத்துவிட்டான். அவன் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெட்டி வீசியும் ஒரு சிரிப்புகூடக் கீழே சிந்தவில்லை. நான் ஒரே ஒரு சிரிப்பை எடுக்கப் போனால் அது பக்கத்துக் கட்டத்தில் போய் ஒளிந்துகொள்கிறது. எங்கே தொட்டாலும் மற்றதெல்லாம் சேர்ந்து வருகிற மாதிரி வெட்டியிருக்கிறான். என்ன வேலைக்காரன்! எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, எழுந்து நின்று கை தட்டவும் தோன்றியது.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு கொஞ்சம் மிஞ்சியது. ஒரு ஆள் பெட்டியோடு நடக்கிறான். மழையில் நனைகிறான். கல்யாண வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே ஒரு பார்வை பார்க்கிறான். அந்தப் பார்வையை நான் அதுவரை கவனித்ததே இல்லை. இரண்டு சிரிப்புகளுக்கு நடுவில் கண் சிமிட்டுகிற நேரத்தில் அது போய்விடும். இப்போது அதைச் சுற்றி ஒன்றும் இல்லாததால் அது மட்டும் நின்றது. காதலை மொத்தமாக எடுத்தவன், இந்த ஒரு பார்வையை மட்டும் விட்டு வைத்திருக்கிறான். ஜாக்கெட்டில் உள்பக்கம் தையலுக்கென்று கொஞ்சம் துணி விடுவோம், வெளியே தெரியாது, ஆனால் அது இல்லாவிட்டால் ஜாக்கெட் நிற்காது. இது அந்தத் துணி. அப்புறம், சரி, அழுகைப் படமாகிவிட்டது, அழுதால் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகாது, சீரியல் பார்க்கிறவர்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒட்டி முடித்தேன். எடுத்த துண்டுகளைச் சுருட்டிப் பத்திரப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பனி இறங்கி ஜன்னல் வெளுத்திருந்தது. சுவரில் வேட்டியைக் கட்டினேன். புரொஜெக்டரை மெஷின் மேசை மேல் வைத்தேன். அவருக்கு என்ன நடக்கிறது என்று புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. முகம் மலர்ந்தது. "பார்றா!" என்றார். மடியில் தலையணையைக் கொடுத்து, பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

படம் ஓடியது. நான் சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கடை வாசல். பெட்டி. நடை. அவர் சாய்ந்து உட்கார்ந்தார். வாத்து தலையை நீட்ட வேண்டிய சந்து வந்தது, போனது. தலை வரவில்லை. அவர் புருவம் ஏறியது. கண் சுவரை விட்டு நகரவில்லை. மழை வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் வேட்டியின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ ஒன்று சடக்கென்று தோன்றி மறைந்தது.

"அம்மிணி, இப்பப் போனது என்ன?"

"என்னதுங்க?"

"வெள்ளையா ஒண்ணு போச்சே."

"தூசியா இருக்குமுங்க."

"தூசிக்கு வாலு இருக்குமா?"

வெட்டின ஓரத்தில் இரண்டு மூன்று கட்டத்தை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், தையல் மெஷினைப் பார்த்தார், அதன் மேல் கிடந்த கத்தரியைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"வாத்தை எங்க வெச்சிருக்கற?"

"ஊசி டப்பாவுலங்க" என்றேன்.

அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. எனக்கு அந்தக் குலுக்கல் தெரியும். சத்தம் வராது, கண்ணில் தண்ணீர் வரும். "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று கத்திக்கொண்டே அவர் முன்னால் மண்டியிட்டு, தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்து அழுத்தினேன். "போலீஸ்காரன்?" என்று கேட்டார். "அவனும் அங்கதானுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்தக் கேவல் சத்தம் வந்து விழுந்தது. ஒன்று, அப்புறம் இன்னொன்று. வலியில் முகம் சுருங்கியது, சுருங்கின முகத்தோடேயே சிரித்தார். அவ்வளவு நாளாக ஒரு பந்தை ஏற்றாத மனுஷன், அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து இழுத்துச் சிரித்தார். என் கைக்குக் கீழே தலையணை ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் தையல் விடப்போகிறது, விடப்போகிறது என்று நான் காத்திருந்தேன். விடவில்லை. என் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பிலிம் ஓடி முடிந்து, அதன் வால் சக்கரத்தில் பட்பட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. வேட்டியில் வெறும் வெளிச்சம். எழுந்து நிறுத்தவும் முடியவில்லை.

"வலிக்குதுங்களா?" என்றேன்.

"நொம்ப வலிக்குது."

"அப்ப நிறுத்துங்களேன், உங்களக் கும்பிடறேன்."

அவர் தலையணை மேல் இருந்த என் கைகளின் மேல் தன் கையை வைத்து இன்னும் அழுத்தினார்.

"நீ கெட்டியாப் புடிச்சுக்க அம்மிணி. நான் சிரிச்சுக்கறேன்."

நான் பிடித்துக்கொண்டேன்.